ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பு வராதது ஏன்? ஆளெடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: ஐந்து வருடமாகக் கிடங்கில் ஸ்டாக் பொறுப்பு. அடுத்த கட்டமாக இன்வென்டரி பிளானர், அதாவது எந்தச் சரக்கை எப்போது, எவ்வளவு வாங்குவது என்று திட்டமிடும் வேலைக்குப் போக ஆசை. ரெஸ்யூமே இரண்டு பக்கம், பார்க்க அழகாகவே இருக்கிறது, பல இடங்களுக்கு அனுப்பியாயிற்று, ஒரு போன்கூட இல்லை. டிசைனை மாற்றுவதா, ஒரு பக்கமாகச் சுருக்குவதா, ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்குவதா?

மூன்றும் அப்புறம். சப்ளை செயின், ஆபரேஷன்ஸ் பதவிகளுக்கு வரும் ரெஸ்யூமேக்களை முதல் சுற்றில் பிரிப்பது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. கேள்வியோடு நீங்கள் எழுதியிருந்த நாலைந்து வரிகளைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. 'ஸ்டாக் பராமரிப்பு மற்றும் அறிக்கை தயாரித்தல்', 'சரக்கு வரவு, வெளியேற்றம் கண்காணித்தல்', 'குழுவாகப் பணிபுரியும் திறன்'. உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஸ்டோர்கீப்பரின் பெயரைப் போட்டாலும் இவை அட்சரம் பிசகாமல் பொருந்தும். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று நிறுவனம் எழுதிவைத்திருக்குமே, அதைத்தான் நீங்கள் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்ததால் என்ன நடந்தது என்பது எங்குமே இல்லை.

உங்கள் ரெஸ்யூமே எப்படிப் பார்க்கப்படுகிறது என்று முதலில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதல் சுற்றில் யாரும் படிப்பதில்லை. மேய்கிறார்கள். லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம், ஆளெடுப்பவர்களின் கண் தாளில் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வைக்கு ஆறு வினாடி என்று 2012-இல் சொன்னது. 2018-இல் மறுபடி பார்த்து 7.4 வினாடி என்றது. சிறிய ஆய்வு, வினாடிக் கணக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் கண் போகும் பாதை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: இப்போதைய பதவி, நிறுவனம், எப்போதிலிருந்து, அதற்கு முந்தைய பதவி, நிறுவனம், தேதி, படிப்பு. அவ்வளவுதான். இந்தச் சுற்றின் நோக்கமே கழித்துக்கட்டுவது. இருநூறு பேரில் பதினைந்து பேரை எடுக்க வேண்டும் என்றால், ஒருவரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடையாது. வைத்துக்கொள்ளும் காரணம் தானாக என் கண்ணில் பட வேண்டும், அதுவும் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில்.

அந்தச் சுற்றில் தப்பித்தவற்றைத்தான் உட்கார்ந்து படிக்கிறோம். அப்போது மனதில் ஓடும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. இந்த வேலையையோ இதற்கு நெருக்கமானதையோ இவர் செய்திருக்கிறாரா? எவ்வளவு பெரிய அளவில்? சமீபத்திலா, பத்து வருடத்துக்கு முன்பா? உறுத்தலாக ஏதாவது இருக்கிறதா? உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் இவற்றில் ஒன்றுக்குப் பதிலாக இருந்தால் இடத்துக்குத் தகும். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் நல்ல வரியையும் சேர்த்து மறைக்கிறது.

இந்தக் கலையில் தேறிய மிகப் பழைய ஆள் லியோனார்டோ டா வின்சி. ஏறத்தாழ 1482-இல், முப்பது வயதில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. அதில் வரிசை எண் போட்டு எழுதுகிறார்: தூக்கிச் செல்லக்கூடிய இலகுவான பாலங்கள் கட்டத் தெரியும், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கத் தெரியும், சத்தமில்லாமல் சுரங்கம் தோண்டத் தெரியும், மூடிய போர் வண்டிகள் செய்யத் தெரியும் என்று. போர் வேலைகளை எல்லாம் அடுக்கிய பிறகு பத்தாவதாகத்தான் அமைதிக் காலத்துக் கட்டடக் கலைக்கு வருகிறார். ஓவியம் வரையத் தெரியும் என்பது அதற்கும் பிறகு, போகிற போக்கில். எதிரிகள் சூழ்ந்த ஆட்சியாளனுக்கு எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யோசித்து, அதை முதலில் வைத்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் உங்கள் பூங்காவிலேயே செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார். அதில் சொன்ன பலவற்றை அவர் அதற்கு முன் செய்ததற்குச் சான்றில்லை என்பது வேறு கதை. அந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, வேலை விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது. பெரும்பாலானவர்கள் பதவிப் பெயரையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு 'அப்ளை' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். ஒரு சராசரி விளம்பரத்தில் பதினைந்து இருபது தேவைகள் இருக்கும். அவற்றில் உண்மையிலேயே வேண்டியவை நாலைந்துதான். மீதி, எழுதியவர் ஆசைக்குச் சேர்த்தது அல்லது பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டியது. அந்த நாலைந்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பொறுப்புகளின் பட்டியலில் முதல் மூன்று, இரண்டு இடத்தில் திரும்பத் திரும்ப வருபவை, 'கட்டாயம்' என்று எழுதியிருப்பவை. இன்வென்டரி பிளானர் விளம்பரங்களில் பெரும்பாலும் தேறுவது இவைதான்: தேவையை முன்கூட்டிக் கணிப்பது, ரீஆர்டர் அளவுகளை (இருப்பு எவ்வளவாகக் குறைந்தால் மறுபடி வாங்குவது என்பதை) நிர்ணயிப்பது, சப்ளையர்களோடு லீட் டைம் (ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வந்து சேரும் காலம்) பேசுவது, ஈஆர்பியில் (நிறுவனத்தின் சரக்கு, கணக்கு எல்லாம் பதிவாகும் மென்பொருளில்) ஸ்டாக் துல்லியம், எக்செல். இந்த ஐந்தையும் ஒரு தாளில் இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் கையால் செய்த ஒரு விஷயம். எதிரே எழுத எதுவுமே இல்லாத வரிகள் மூன்றுக்கு மேல் போனால் அந்த வேலைக்கு இப்போது விண்ணப்பிப்பதில் பலனில்லை. ஒன்றிரண்டு காலியாக இருந்தால் தாராளமாக அனுப்பலாம். விளம்பரத்தில் கேட்டதெல்லாம் இருக்கும் ஆள் கிடைப்பார் என்று எங்களில் யாரும் நம்புவதில்லை.

இனி உங்கள் 'ஸ்டாக் பராமரிப்பு மற்றும் அறிக்கை தயாரித்தல்' வரியை எடுத்துக்கொள்வோம். இன்டர்வியூவில் நான் உங்களைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஐட்டம்? கிட்டத்தட்ட 1,800. என்ன சரக்கு? இயந்திர உதிரிபாகங்கள். கணக்கெடுப்பு எப்படி நடந்தது? நீங்கள் சேரும்போது வருடக் கடைசியில் இரண்டு நாள் கிடங்கை மூடிவைத்து மொத்தமாக எண்ணுவார்கள். இப்போது? ஐட்டங்களை மதிப்புவாரியாக ஏ, பி, சி என்று பிரித்து, ஏ பிரிவை வாரம் ஒருமுறை, பி பிரிவை மாதம் ஒருமுறை, சி பிரிவை ஆண்டில் இருமுறை எண்ணுகிறீர்கள்; இப்படிப் பகுதி பகுதியாக எண்ணுவதற்குத்தான் சைக்கிள் கவுன்ட் என்று பெயர். யார் ஆரம்பித்தது? நீங்கள். அதனால் என்ன ஆனது? சிஸ்டத்தில் உள்ளதும் ரேக்கில் உள்ளதும் முன்பு 91 சதவீதம் ஒத்துப்போகும், இப்போது 98. எவ்வளவு நாளில்? ஒன்பது மாதம்.

இப்போது வரி தானாக எழுந்து நிற்கிறது: '1,800 ஐட்டம் கொண்ட உதிரிபாகக் கிடங்கில், ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பதிலாக ஏபிசி முறையில் சைக்கிள் கவுன்ட் தொடங்கி, ஸ்டாக் துல்லியத்தை ஒன்பது மாதத்தில் 91 சதவீதத்திலிருந்து 98 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன்.' எண்கள் என் கற்பனை; உங்களுடையதைப் போடுங்கள். இதே வேலையைத்தான் பழைய வரியும் சொன்னது. ஆனால் இதை வேறொருவர் பெயரின் கீழ் ஒட்ட முடியாது.

அந்த 'அறிக்கை' என்ற சொல்லையும் விடக்கூடாது, ஏனென்றால் உங்கள் பிளானர் ஆசைக்கான பாலம் அதில்தான் இருக்கிறது. என்ன அறிக்கை? ஆறு மாதமாக அசையாத ஐட்டங்களின் பட்டியல். யாருக்குப் போனது? பர்ச்சேஸ் குழுவுக்கு. அவர்கள் அதை வைத்து ஏதாவது செய்தார்களா? சில ஐட்டங்களின் ரீஆர்டர் அளவைக் குறைத்தார்கள். அப்படியானால்: 'ஆறு மாதம் நகராத ஐட்டங்களை மாதந்தோறும் எக்செல்லில் பிரித்து பர்ச்சேஸ் குழுவுக்குக் கொடுத்தேன், அதன் அடிப்படையில் 140 ஐட்டங்களின் ரீஆர்டர் அளவு திருத்தப்பட்டது.' நீங்கள் ரீஆர்டர் அளவை நிர்ணயித்தவர் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் நிர்ணயிப்பவர்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர். பிளானரைத் தேடும் மேலாளர் இந்த வரியில் கட்டாயம் நிற்பார். முந்தைய வரி நல்ல ஸ்டோர்கீப்பரைக் காட்டுகிறது, இது அடுத்த படிக்குத் தயாரானவரைக் காட்டுகிறது. எனவே இந்த விண்ணப்பத்தில் இதுதான் மேலே வர வேண்டும். கிடங்கு மேலாளர் வேலைக்கு அனுப்பும்போது சைக்கிள் கவுன்ட் வரி மேலே வரட்டும்.

கூகுளில் மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் இதற்கு ஒரு வாய்பாடே சொல்லியிருக்கிறார்: எதைச் சாதித்தீர்கள், எந்த அளவுகோலில், எதைச் செய்து. நல்ல வாய்பாடுதான். ஆனால் அது பரவிய பிறகு எங்களுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் வரிக்கு வரி சதவீதம் முளைத்துவிட்டது. 'குழு ஒற்றுமையை 35 சதவீதம் உயர்த்தினேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தத் தராசில் நிறுத்தார் என்று கேட்கத் தோன்றுமா இல்லையா? எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் விளக்க முடியாத எண்ணைப் போடவே கூடாது. ஒரு பொய் எண் பக்கத்தில் இருக்கும் பத்து உண்மை எண்களையும் சேர்த்து மூழ்கடித்துவிடும்.

என் வேலையில் எண்ணே கிடையாதே என்பவர்களுக்கு: எண் என்றால் சதவீதமும் லாபமும் மட்டும் என்று யார் சொன்னது? அளவு எண்தான்: நாளுக்கு எத்தனை பில், எத்தனை நோயாளிகள், வகுப்பில் எத்தனை மாணவர்கள், எத்தனை கிளைகள். அடிக்கடி எவ்வளவு என்பதும் எண்தான். அதுவும் இல்லையென்றால் முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று ஒரு வாக்கியம் போதும். யார் உங்களை நம்பி எதைக் கொடுத்தார்கள் என்பதும் சான்றுதான். 'புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியை என்னிடம் ஒப்படைத்தார்கள்' என்ற வரியில் எண்ணே இல்லை, ஆனால் 'தலைமைப் பண்பு உடையவர்' என்பதைவிட நூறு மடங்கு பேசுகிறது.

இப்படி ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பதினைந்து வரி தேறும். எல்லாவற்றையும் ஒரு பெரிய கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கும் அனுப்புவதற்கு இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து, வரிசையை மாற்றி, விளம்பரத்தின் சொற்களை இயல்பாகப் பொருந்துமிடத்தில் வைத்து ஒரு பிரதி. முதல் தடவை ஒரு நாள் பிடிக்கும். பிறகு அரை மணி நேர வேலை. சமீபத்திய வேலைக்கு நாலிலிருந்து ஆறு வரி, அதற்கு முந்தையதற்கு மூன்று, அதற்கும் முந்தையதற்கு ஒன்றோ இரண்டோ போதும்.

மேலே வரும் சுருக்கம் பற்றி. 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்' என்ற குறிக்கோள் வாக்கியத்தை எத்தனையோ ஆயிரம் பேரிடம் பார்த்தாயிற்று. அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் யாரென்று ஒருமுறைகூட அதிலிருந்து தெரிந்ததில்லை. வேறு துறைக்கோ வேறு பதவிக்கோ போகிறவர்களுக்குச் சுருக்கம் மிகவும் தேவை, ஏனென்றால் உங்கள் இப்போதைய பதவிப் பெயர் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். உங்களுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'உதிரிபாகக் கிடங்கில் ஐந்து வருட ஸ்டாக் கட்டுப்பாட்டு அனுபவம். சைக்கிள் கவுன்ட், நகராத சரக்கு ஆய்வு, ஈஆர்பி பதிவுகளில் முழுப் பொறுப்பு. இன்வென்டரி பிளானிங் பதவியை எதிர்பார்க்கிறேன்.' உங்களைப் புகழும் பெயரடை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கடின உழைப்பாளி', 'ஆர்வமிக்க', 'நேர்மையான' எல்லாம் மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியவை.

திறன்கள் பகுதியில் மென்பொருள், கருவி, சான்றிதழ், மொழி மட்டும் போதும். எக்செல் என்று வெறுமனே போடுவதைவிட பிவட் டேபிள், லுக்கப், பவர் கொயரி என்று அதன் வசதிகளில் எது தெரியுமோ அதைப் போடுங்கள். தெரிந்த அளவுக்கு நட்சத்திரக் குறியும் பட்டைக் கோடும் போடுவது ஒரு வியாதியாகப் பரவியிருக்கிறது. ஐந்துக்கு நாலு நட்சத்திர எக்செல் என்றால் என்னவென்று போட்டவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

அடுத்து, எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் ஏடிஎஸ் (அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்). விண்ணப்பங்களை வாங்கி, பிரித்து, சேமித்து வைக்கும் மென்பொருள் அது. 75 சதவீத ரெஸ்யூமேக்களை மனிதக் கண்ணே படாமல் அது தூக்கிப் போட்டுவிடுகிறது என்று ஒரு கணக்கு உலா வருகிறது. எடுத்துக் காட்டக்கூடிய ஆய்வு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ரெஸ்யூமே எழுதித் தரும் சேவையை விற்பவர்களுக்கு வசதியான கணக்கு. பெரும்பாலும் நடப்பது வேறு. விண்ணப்பப் படிவத்தில் 'இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா', 'இந்த உரிமம் இருக்கிறதா' என்று ஆம்/இல்லை கேள்விகள் வருமே, தானாகக் கழிப்பது பெரும்பாலும் அவைதான். அவசரத்தில் அவற்றைத் தவறாக அழுத்தியவர்கள் ஏராளம். மற்றபடி ஆளெடுப்பவர் அந்த மென்பொருளில் சேர்ந்திருக்கும் விண்ணப்பங்களில் சொல் போட்டுத் தேடுகிறார். சில மென்பொருள்கள் பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்தவும் செய்கின்றன. 'சைக்கிள் கவுன்ட்' என்று நான் தேடும்போது நீங்கள் 'அவ்வப்போது எண்ணிப் பார்த்தல்' என்று எழுதியிருந்தால் நீங்கள் அகப்பட மாட்டீர்கள். விளம்பரத்தின் சொல்லையே பயன்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். சுருக்கெழுத்து இருந்தால் ஒரு இடத்திலாவது விரித்தும் எழுதுங்கள்.

வடிவமைப்பு உங்களைக் கெடுக்கும் இடமும் இதுதான். பக்கத்தை இடம், வலம் என்று பிரித்த இரண்டு பத்தி அமைப்பு, டேபிள், பெட்டிக்குள் எழுத்து, படமாகப் போட்ட தலைப்பு, பக்கத்தின் மேல் விளிம்பில் ஒதுக்கிய போன் எண் ஆகியவற்றைச் சில மென்பொருள்கள் குழப்பிப் படிக்கும், சில படிக்கவே படிக்காது. சோதிப்பது சுலபம்: பிடிஎஃப்பைத் திறந்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல், தேதிகள் அந்தந்த வேலைக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தால் கவலையில்லை. இடது பத்தியும் வலது பத்தியும் பின்னிக்கொண்டு வந்தால் அந்த டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை அடைத்து வைக்கும் தந்திரத்தையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். ஒட்டிப் பார்த்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும், ஆளின் லட்சணமும் கூடவே வரும்.

இயந்திரம் நடுநிலையானது என்றும் நினைக்க வேண்டாம். ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண் போட அமேசான் உருவாக்கிய ஒரு கருவி, பத்து வருட விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதில், 'பெண்கள்' என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதை 2018-இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்தது. மனிதர்களும் சளைத்தவர்கள் இல்லை. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அமெரிக்காவில் அனுப்பிப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக இருந்தும் வெள்ளையர் பெயர்போல் ஒலித்தவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன.

அதனால்தான் வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரங்களை விட்டுவிடச் சொல்கிறேன். திருமண நிலை, மதம், பெற்றோர் பெயர், முழு முகவரி எதுவும் வேண்டாம். ஊரும் போன் எண்ணும் மின்னஞ்சலும் போதும். பாஸ்போர்ட் எண், அடையாள அட்டை எண் எக்காரணம் கொண்டும் கூடாது. போலி வேலை விளம்பரம் போட்டு இவற்றைச் சேகரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். புகைப்படம் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் வைப்பதில்லை, ஜெர்மனியில் இன்றும் பலர் வைக்கிறார்கள். எங்கே அனுப்புகிறீர்களோ அந்த ஊர் வழக்கத்தைப் பாருங்கள்.

இடைவெளிகள். வேலையில்லாத எட்டு மாதத்தை மறைக்க, மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போடுவார்கள். அனுபவமுள்ளவர் கண்ணுக்கு அதுவே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று கொடி காட்டும். 'குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க விடுப்பு', 'உடல்நலக் காரணம், இப்போது முழு நலம்', 'நிறுவனம் மூடப்பட்டது' என்று ஒரே வரியில், தேதியோடு, மன்னிப்புக் கேட்காத தொனியில் எழுதிவிட்டால் பெரும்பாலானவர்கள் கடந்துபோய்விடுவார்கள். தேதிகளையே கழற்றிவிட்டு 'திறன்வாரியாக' எழுதும் முறையை ஒரு காலத்தில் இதற்காகப் பரிந்துரைத்தார்கள். எனக்கு அது வந்தால் முதலில் தேதிகளைத்தான் தேடுவேன். கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரே ஒரு வேறுபாடு: படிப்பும் புராஜெக்ட்டும் மேலே வரும். புராஜெக்ட் தலைப்பை மட்டும் போடாமல் அதில் உங்கள் கை எது என்று சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்ததில் தரவைச் சேகரித்தது நீங்களா, நிரல் எழுதியது நீங்களா? பகுதிநேர வேலையைச் சின்ன வேலை என்று ஒளிக்காதீர்கள். இரண்டு வருடம் கல்லாப்பெட்டியில் நின்று கணக்குத் தவறாமல் ஒப்படைத்தவர் நேரத்துக்கு வருவார், பணம் கையாளுவார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

பொய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 ஜனவரியில் வந்த ஸ்காட் தாம்சன், வாங்காத கணினி அறிவியல் பட்டம் தன் விவரக்குறிப்பில் இருந்தது தெரியவந்ததும் அதே வருடம் மே மாதம் வெளியேற வேண்டியதாயிற்று. கணக்கியல் பட்டம் அவரிடம் உண்மையாகவே இருந்தது. அந்த உயரத்துக்கு வந்த பிறகு கணினிப் பட்டம் அவருக்குத் தேவையே இல்லை. நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது பட்டப் பொய்யை அல்ல, பதவிப் பெயரை ஒரு படி ஏற்றிப் போடுவதை. பழைய நிறுவனத்துக்கு ஒரு போன் போதும், குட்டு உடைந்துவிடும். உங்கள் பதவிப் பெயர் வேலையைச் சரியாகக் காட்டவில்லை என்றால் பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் 'ஸ்டாக் கட்டுப்பாடு' என்று விளக்கம் சேருங்கள்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். அதனிடம் 'என் ரெஸ்யூமேயை எழுது' என்றால் வழவழப்பான ஒன்றைத் தரும். இப்போது எங்களுக்கு வருவதில் பாதி அந்த வழவழப்பில்தான் இருக்கிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரிவதில்லை. நீங்கள் செய்யாத ஒன்றிரண்டையும் அது சேர்த்துவிடும்; நீங்கள் கவனிக்காமல் அனுப்பினால் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மேலே உங்களை நான் கேட்டதுபோல் அதைக் கேட்க வைப்பதுதான் உருப்படியான உபயோகம்: 'இந்த வரியைப் பற்றி ஆளெடுப்பவர்போல் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேள்' என்று சொல்லுங்கள். பதில்களை நீங்கள் எழுதுங்கள். கடைசியில் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுங்கள்.

மீதி எல்லாம் ஒரே மூச்சில்: பத்து வருடத்துக்குள் அனுபவம் என்றால் ஒரு பக்கம் நல்லது, இரண்டும் குற்றமில்லை, இரண்டாவது பக்கத்தில் மூன்றே வரி நிற்பதுதான் அசிங்கம். சாதாரண ஃபான்ட், 10 அல்லது 11 அளவு. எல்லாத் தேதியும் ஒரே வடிவில். வேர்டு கோப்பு கேட்டால் ஒழிய பிடிஎஃப். கோப்பின் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் 3' என்று இருக்கக் கூடாது, உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். பிழை பார்க்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே போங்கள், மனம் தானாக நிரப்பிக்கொள்ளாது. போன் எண்ணைப் பார்த்து ஒருமுறை டயல் செய்யுங்கள். எண் தவறாக இருந்த நல்ல ரெஸ்யூமேக்கள் எனக்கு வந்திருக்கின்றன.

இப்படி எழுதி அனுப்பிய பிறகு, என்ன நடக்கிறது என்பதையே கருவியாக வையுங்கள். கட்டாயத் தேவைகள் உங்களுக்குப் பொருந்தும் இடங்களாகப் பார்த்து, தனித்தனியாகத் திருத்தி ஒரு பத்து இடங்களுக்கு அனுப்புங்கள். ஒரு அழைப்பும் வராவிட்டால் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றி அடுத்த பத்து. அழைப்பு வந்து, முதல் போன் பேச்சோடு நின்றுபோனால் ரெஸ்யூமேயைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது; சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் காலம், பேசும் விதம் இவற்றில் ஏதோ இடிக்கிறது. உங்கள் விஷயத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. மாதாமாதம் உங்கள் பட்டியலை வாங்கிய பர்ச்சேஸ் குழுவிலிருந்து இந்த ஐந்து வருடத்தில் யாராவது வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்கள். பிளானிங் பிரிவு அவர்களுக்குப் பக்கத்து மேசை. அவர்களுக்கு இந்த ரெஸ்யூமேயை அனுப்பி, வேலை கேட்காமல், 'பிளானர் வேலைக்கு இதில் என்ன குறைகிறது' என்று மட்டும் கேளுங்கள்.